ஐந்து மணிக்குச் சந்தனக் கிளை!

போன் அலறியது!

கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு ஜவ்வாது மலையேறி வந்து, ஜமுனாமரத்தூர் ஏரிக்கரை டீக்கடையில் உட்கார்ந்திருந்த காஷிஃபா, மடியிலிருந்த லேப்டாப் சரியாமல் பிடித்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க!"

"கோபம் தணிஞ்சுதா?" வாணியம்பாடியிலிருந்து கணவன் வக்கார்.

"அதை விடுங்க. அஞ்சு மணிக்குக் கிளைய வெட்டிடுவாங்க! அதுக்குள்ள நம்ம சந்தனம் உள்ள போயிடணும். போகலைன்னா மூணு வருஷ உழைப்பும் பாழ்!"

பக்கத்து பெஞ்சில் மசால் வடையைக் கடித்துக்கொண்டிருந்த காக்கிச்சட்டைக்காரன்... கடித்தபடியே உறைந்துபோனான்!

"நீ முதல்ல உன் சரக்கை மாத்து, காஷிஃபா."

"நான் ஏன் மாத்தணும்? ஜெர்மனி ஆளுங்க ரெடி. பிரேசில் ஆளும் ரெடி. நீங்க ஒருத்தர்தான் பிடிவாதம் பிடிக்கிறீங்க!"

டொக்! போனை வைத்தாள்.

காக்கிச்சட்டை வடையைக் கீழே போட்டது.

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெண்ணைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள்!

சந்தனம் என்பது ஒரு பிராசஸர். கம்ப்யூட்டரின் மூளை. யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று இலவசமாக விடப்பட்ட வடிவமைப்பு. நாம் எழுதுகிற புரோகிராமை அந்த மூளைக்குப் புரியும் பாஷையில் மாற்றித் தருவது கம்பைலர். அது காஷிஃபாவின் பொறுப்பு. எல்லாப் புரோகிராம்களும் எடுத்துப் பயன்படுத்துகிற ரெடிமேட் சாமான்கள் லைப்ரரி. அது வக்காரின் பொறுப்பு. அத்தனை பேரையும் ஒருங்கிணைப்பதும் காஷிஃபாதான்.

எல்லோரும் கைவைக்கிற மூலப்பிரதிக்கு மரம் என்று பெயர். வெளியிடுவதற்காக அதிலிருந்து பிரித்தெடுக்கும் பிரதி கிளை. உலகம் முழுக்க இதை இங்கிலீஷில்தான் சொல்கிறார்கள். ஆனால் மாமியார் ஜெய்புன்னிசா முன்னால் இங்கிலீஷ் பேசினால், தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று அந்த அம்மாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். அதனால் அந்த வீட்டில் தொழில் வார்த்தையெல்லாம் தமிழாகி, அதுவே நாக்கில் ஒட்டிக்கொண்டது.

வாணியம்பாடி வீட்டுக்குள் அது சரி.

ஜவ்வாது மலையில்... சந்தனம், மரம், கிளை, வெட்டு என்று கத்தினால்?

"இன்னாமா, எழுந்திரு. ஜீப்புல ஏறு!"

நிமிர்ந்தாள். காக்கிச்சட்டை. முறுக்கு மீசை. பக்கத்தில் ஒல்லியாக ஒருவன், கையில் வெட்டரிவாள்.

"ஃபாரஸ்ட்டா சார்? நீங்க தப்பா..."

"ஏறுன்னு சொல்றேன்ல!"

ஏறினாள்.

* * *

ஏரிக்கு மேலே, பலாமரத்துக்குப் பின்னால் ஒரு ஷெட். சாமை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

"பேர் இன்னா?"

"காஷிஃபா. சார், நான் சொல்ற சந்தனம் மரமே இல்ல..."

"மரம் இல்லாம கிளை எங்கேர்ந்து வந்துச்சு? என்னைப் பாத்தா கேனயன் மாதிரி கீதா? உங்க கேங்க்குல எத்தினி பேரு?"

"கேங்க் இல்ல சார், குழு. ஜெர்மனியில, பிரேசில்ல, பெங்களூர்ல ஆளுங்க இருக்காங்க. வாணியம்பாடியில என் வீட்டுக்காரர்."

ஒல்லி ஆள் வெட்டரிவாளைக் கீழே இறக்கினான். "பூபாலண்ணே! நாம கணியம்பாடியத் தாண்டினதே இல்ல. இவங்க பிரேசில் வரைக்கும் போயிருக்காங்க!"

"வாய மூட்றா கருப்பா! ஏம்மா, யாருக்கு விக்கிற?"

"விக்கல. சும்மா குடுக்கிறோம்."

"...இன்னாது?"

"இலவசம் சார். யார் வேணா எடுத்துக்கலாம். மாத்திக்கலாம். வேணும்னா வித்துக்கலாம். கேக்கவே வேணாம்."

பூபாலன் சாமை மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"சந்தனத்தை... சும்மாவா? அடிப்பாவி! மார்க்கெட்டு இன்னாத்துக்கு ஆவுறது? எங்க பொழப்பு?"

காஷிஃபா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்!

"உங்க பொழப்பா? நீங்க... ஃபாரஸ்ட் இல்லையா?"

"ஃபாரஸ்ட்டுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?" மீசையை நீவினான். "இந்த மலையில பூபாலனைக் கேக்காம ஒருத்தன் குச்சி ஒடிக்க முடியாது. நீ கிளையே வெட்றேன்ற!"

நிஜமான சந்தனக் கடத்தல்காரன்!

கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை தாண்டிவிட்டது. உயிர் பயம் ஒரு பக்கம்... ஐந்து மணி பயம் இன்னொரு பக்கம்! இந்த வெளியீட்டில் சந்தனம் சேராவிட்டால், ஆளில்லாத வேலை என்று அதை மரத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள். மூன்று வருடம்!

"உங்க தலைவன் யாரு? அவங்கிட்ட பேசணும். கிளைய வெட்டக் கூடாது!" பூபாலன் உறுமினான்.

"என் வீட்டுக்காரர்கிட்ட பேசலாம். இந்த லேப்டாப்லதான் வருவார். ஆனா என் போன்ல டேட்டா தீந்துடுச்சு... நெட் வேணும்."

"கருப்பா, உன் போன்லேர்ந்து நெட்டைக் குடு."

"அண்ணே, இன்னிக்கு டேட்டா கொஞ்சம்தான் இருக்கு. ராத்திரி சீரியல் பாக்கணும்..."

"குடுறா!"

திரையில் வக்காரின் முகம் வந்தது. குளித்த ஈரம் காயாத தலை.

"காஷிஃபா! எங்க இருக்க? யாரு அது பின்னாடி?"

"நான் பூபாலன்!" மீசை திரையை அடைத்தது. "உன் சம்சாரம் எங்க கையில. வெட்றத நிறுத்து!"

வக்காரின் முகம் வெளுத்தது. கண்கள் ஒரு கணம் எங்கோ பக்கவாட்டில் போய்த் திரும்பின.

"அ... அது என் கையில இல்லைங்க. அஞ்சு மணியானா மெஷினே வெட்டிடும்."

"மெஷின் வெச்சு வெட்றானுங்கடா, கருப்பா!"

"அண்ணே, நாம இன்னும் கோடாலிதான்..."

"உங்களைப் பாத்தா சந்தனக்காரர் மாதிரியே தெரியலையே," என்றான் வக்கார். "சும்மா உதார் விடறீங்க."

பூபாலனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரு, நானா? அமிர்தி காட்டுல வெட்டினது இன்னும் ஈரம் காயல. அத்தினியும் இதோ இந்தச் சாமை மூட்டைக்கு அடியில! ஏரிக்கு மேல, பலாமரத்து ஷெட்டு! இருட்டினதும் கணியம்பாடி வழியா லாரி போவுது! இப்ப சொல்லு, யாரு உதாரு?"

"சரி, ஒத்துக்கிறேன். ஆனா காஷிஃபா மேலதான் தப்பு. அவ கம்பைலர் முதல்ல மாறணும்."

காஷிஃபா லேப்டாப்பைப் பிடுங்கினாள்.

"என்னைக் கடத்தி வெச்சிருக்காங்க! இப்பவுமா?"

"உண்மையச் சொன்னேன்."

"நான் செத்தாலும் முதல்ல மாத்த மாட்டேன்!"

"இரு, இரு, இரு!" பூபாலன் இருவருக்கும் நடுவில் கையை நீட்டினான். "இன்னாதான்மா உங்களுக்குள்ள தகராறு?"

"என் கம்பைலர் பெரிய எண்ணை இடது கையால நீட்டுது. இவர் லைப்ரரி வலது கையை நீட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல எண் கீழ விழுந்து உடையுது. யாராவது ஒருத்தர் கையை மாத்தணும்."

"ஏன், யார் மாத்தினா இன்னா?"

"யார் தனியா மாத்தினாலும் அடுத்த நிமிஷம் எல்லாம் உடையும். உடைஞ்ச பழி முதல்ல மாத்தினவங்க தலையில. அத்தனை ஜனமும் திட்டும்."

"தோ பாருங்க!" பூபாலன் வெட்டரிவாளை வாங்கிக்கொண்டான். "என் வூட்லயும் இதே கதைதான். யாரு முதல்ல பேசறதுன்னு மூணு வாரமா அவ மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கா, நானும் வெச்சிருக்கேன். கருப்பன்தான் நடுவுல சாம்பாரு ஊத்தறான். உங்க சண்டையப் பாத்தா எனக்கு நெஞ்ச அடைக்குது. நான் மூணு எண்ணுவேன். ரெண்டு பேரும் ஒண்ணா மாத்துங்க. எவன் ஏமாத்தினாலும் ஒரே வெட்டு!"

"ஆனா மாத்தினாலும் அஞ்சு மணிக்குக் கிளைய வெட்டத்தானே போறாங்க? நீங்கதானே வேணாம்னு..." காஷிஃபா இழுத்தாள்.

"அது கெடக்குது! முதல்ல குடும்பம்!"

மணி ஐந்தை நெருங்கியது.

"ஒண்ணு..."

காஷிஃபா விசையின் மேல் விரலை வைத்தாள்.

"ரெண்டு..."

திரையில் வக்கார் அவளையே பார்த்தான். கண்ணில் கெஞ்சல்.

"மூணு!"

டக்! டக்!



சோதனைகள் ஓடின. சிவப்பு... சிவப்பு... பச்சை. இன்னொரு பச்சை. எல்லாம் பச்சை!

"உள்ள போயிடுச்சு!" காஷிஃபா துள்ளிக் குதித்தாள். "ஏங்க! சந்தனம் உள்ள போயிடுச்சு!"

"மன்னிச்சுடு காஷிஃபா. வீட்டுக்கு வந்துடு. நானே பிரியாணி செய்றேன்."

"நீங்க செய்றதா இருந்தா இங்கயே இருந்துக்கறேன்."

கருப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பூபாலனும் துடைத்துக்கொண்டிருக்கும்போது...

தடால்!

ஷெட் கதவு திறந்தது. இந்த முறை நிஜக் காக்கி! வனச்சரகர் இளவரசி. பின்னால் துப்பாக்கியோடு காவலர்கள்.

"பூபாலா, அசையாத! டேய், அந்தச் சாமை மூட்டையை இறக்குங்க!"

மூட்டைகள் சரிந்தன. குப்பென்று சந்தன வாசனை.

"எவன்டா காட்டிக் குடுத்தது?" பூபாலன் கருப்பனின் சட்டையைப் பிடித்தான்.

"நானில்லண்ணே! என் டேட்டாவே போச்சு!"

"நீங்களேதான் சொன்னீங்க," என்றாள் காஷிஃபா.

"நான் உன் புருஷன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

அவள் திரையில் ஒரு பொத்தானைத் தட்டினாள். வக்காரின் முகம் சுருங்கி ஓரத்துக்குப் போனது. சுற்றிலும் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தலை. வெள்ளைத் தலை, சுருட்டைத் தலை, பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தலை... எல்லோரும் கையசைத்தார்கள்!

"இது எங்க குழுவோட மீட்டிங். உள்ளூர் டி.வி. மாதிரி, உலகத்துல யார் வேணா பாக்கலாம். எங்க வேலையில எதையும் மறைச்சுப் பேசற வழக்கமே கிடையாது சார்."

"பெங்களூர் தம்பிதான் எங்க ஆபீஸுக்குப் போன் பண்ணார்," என்றார் இளவரசி. "ஷெட்டுக்கு வழியே தேட வேணாம்னு வீடியோவையும் அனுப்பிட்டார்."

காஷிஃபா திரையை முறைத்தாள். "அப்ப நீங்க பிடிச்ச பிடிவாதம் எல்லாம் அவங்க வர்ற வரைக்கும் நடிப்பா?"

"பாதி," என்றான் வக்கார்.

"எந்தப் பாதி?"

இணைப்பு சட்டென்று துண்டானது. டேட்டா தீர்ந்ததா, கணவன் தப்பித்தானா... தெரியவில்லை!

காஷிஃபாவின் போனில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்து விழுந்தது. படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பூபாலன் சார், ஜெர்மனிக்காரங்க உங்களை ரொம்பப் புகழ்ந்திருக்காங்க. மூணு மாசமா தீராத சண்டையை மூணு எண்றதுக்குள்ள முடிச்சிட்டீங்களாம். வெளியில வந்ததும் எங்க ஒருங்கிணைப்பாளர் வேலையை நீங்களே பாக்கணும்னு கேக்கறாங்க."

பூபாலன் மீசையை முறுக்கினான். கண்ணில் ஒளி!

"சம்பளம் எவ்ளோ குடுப்பாங்க?"

"சம்பளமா? அதெல்லாம் கிடையாதுங்க. சும்மாதான். ராத்திரி பகல் பாக்காம எல்லாரும் திட்டுவாங்க, அவ்ளோதான்."

பூபாலன் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வனச்சரகர் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

"மேடம், சீக்கிரம் விலங்க மாட்டுங்க... ஜெயில்லயாச்சும் செய்ற வேலைக்குக் கூலி உண்டு!"