படிக்காமல் கொடுத்த சம்மதம்

ஒரே ஒரு எழுத்தைத்தான் தட்டினாள்... கீழ்த்தளத்தில் ஒருவனின் மூன்று மாத உழைப்பு மண்ணோடு மண்ணாகிப் போனது.

கணினிக்குக் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத்திரை டெர்மினலில் இப்போது ஏஐ குடியேறியிருக்கிறது. வேண்டியதைச் சொன்னால் கட்டளையை அதுவே எழுதி, "செய்யட்டுமா?" என்று புது மாப்பிள்ளைப் பணிவோடு கேட்கும். பொது சர்வரில் பழைய கோப்புகளைக் கழிக்கச் சொன்னாள். அதுவும் கட்டளையை எழுதிவிட்டு, "செய்யட்டுமா?" என்றது. ஜன்னல் மழையைப் பார்த்தபடியே ஒற்றை 'y' தட்டிச் சம்மதம் கொடுத்துவிட்டாள்.

அடுத்தவர் நிரலில் ஒரு புள்ளி தவறினாலும் பிடிப்பவள். அலுவலகமே வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவளே படிக்காமல் தட்டினாள் என்றால் சுவர்கூடச் சிரிக்கும்.

பத்து நிமிடத்தில் அவன் மாடியேறி வந்தான். கான்ட்ராக்டில் சேர்ந்தவன், ஒட்டடைக்குச்சி என்பார்கள். நிமிர்ந்து நடந்தால் மின்விசிறி நின்றுவிடும் என்று குனிந்தே நடப்பான். அந்தக் கண்கள்... வெளியே பெய்த மழையில் பாதி அங்கேதான் தேங்கியிருந்தது.

"என் ஃபோல்டரக் காணோம்ங்க. வேற காப்பியும் இல்ல. வெள்ளிக்கிழமை குடுக்கலன்னா அனுப்பிடுவாங்க."

சொல்லிவிடு என்றது மனம். வாய் முந்திக்கொண்டது. "இந்த ஏஐதான் அழிச்சிருக்கும்."

"அது மேல பழி போட்டா கோர்ட்டுக்கா போகப் போகுது!" என்று வறட்சியாகச் சிரித்தான்.

நான்கு நாள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து தேடினாள்.

"பூதக்கண்ணாடி, என் மூஞ்சில என்ன தேடறீங்க? ஃபோல்டர் அங்க இல்ல."

காது சிவந்தது. கூடவே நெஞ்சில் முள் தைத்தது. சொன்னால் வெறுப்பான்... சொல்லாவிட்டால் போய்விடுவான்... ஒரு கோப்புகூடத் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். பையோடு லிஃப்டுக்கு நின்றவனிடம் மூச்சிரைக்க ஓடினாள்.

"நான்தான்... படிக்காம தட்டிட்டேன்."

"தெரியும்."

"எப்போ?"

"முதல் நாளே. நீங்க தட்டினதெல்லாம் நேரத்தோட சர்வர்ல பதிவாகியிருக்கு."

"அப்புறம் ஏங்க வாயே திறக்கல?"

"திறந்திருந்தா, நாலு நாள் என் பக்கத்துல உக்காந்திருப்பீங்களா?"

லிஃப்ட் வந்தது, கொஞ்சம் காத்திருந்தது, அலுத்துப்போய்த் தனியாகவே இறங்கிவிட்டது.

"வாங்க, மேனேஜர்கிட்ட சொல்றேன்."

"உங்க வேலையும் போயிடும். போன ஃபோல்டரும் வராது."

"வராட்டிப் போகுது... நீங்க போறதத்தான் என்னால தாங்க முடியல."