பத்து நகத்துண்டுகள்

மழை சட்டென்று வலுத்தது. குடையை மடக்கிக்கொண்டே ஆய்வுக்கூடத்தின் படிகளில் ஓடி ஏறியவள், மேலே நின்றிருந்தவன்மீது நேராகப் போய் மோதினாள்.

அவன் கையிலிருந்த காகித உறை எகிறி விழுந்து பிரிந்தது. உள்ளேயிருந்து சின்னச் சின்னப் பிறைகளாக... நகத்துண்டுகள்!

"ஐயோ, எங்கம்மா நகம்! குடைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு ஓடி வந்தா ஆள் எப்படிங்க தெரியும்?"

"நடுப்படியில தூண் மாதிரி நின்னா மட்டும்?" என்று சீறினாள் அவள்.

அதற்குள் அவன் மண்டியிட்டிருந்தான். ஒவ்வொரு துண்டாக, வலிக்குமோ என்று பயந்தவனைப் போல எடுத்தான். பழைய கதவுகளைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிப்பவன் என்று அவன் சட்டையே சொன்னது. நிமிர்ந்தான். இமையில் ஒரு மழைத்துளி. அதற்குக் கீழே, அப்போதுதான் துடைத்துவிட்ட ஜன்னலைப் போல அத்தனை தெளிவான கண்கள்...

"பத்து இருந்துச்சு. ஒன்பதுதான் இருக்கு."

"உங்க... முழங்கால்கிட்ட" என்றாள். குரல் ஏன் இப்படி உள்ளே போகிறது?

அந்த நகங்களைப் பரிசோதிக்க வேண்டியவளே அவள்தான் என்று கவுன்ட்டருக்கு வந்த பிறகே அவனுக்குத் தெரிந்தது. அசடு வழிந்தான்.

"ஆறு மாசமா அம்மாவுக்கு ஒரே சோர்வு மேடம். கேட்டா ஒண்ணுமில்லைம்பாங்க. ரத்தத்தோட இதையும் பார்க்கச் சொன்னார் டாக்டர். நகத்துல போய் நோய் தெரியுமா?"

"நோய் தெரியாது. எங்கே தேடணும்னு தெரியும். இன்னைக்கு வெட்டுற நுனி, ஏறக்குறைய ஆறு மாசத்துக்கு முன்னாடி உருவானது. அப்போ உடம்புல இருந்த இரும்பு, துத்தநாகம், ஈயம்... எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அதுல தங்கியிருக்கும்."

"அடேங்கப்பா! அம்மா வாயைத் திறக்கலைன்னாலும் நகம் சொல்லிடும்!"

மறுநாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் நகங்களை மூன்று முறை கழுவினாள், உலர்த்தினாள், எடை போட்டாள், அமிலத்தில் கரைத்தாள். அவன் பார்வை அவளைவிட்டு அகலவே இல்லை.

"மூச்சு பட்டாலே ஆடுற தராசாமே? எப்படி மேடம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே வேலை பார்க்கிறீங்க?"

நீ நின்றால் அது தானாக நின்றுவிடுகிறது... சொல்லவில்லை. "பழக்கம்" என்றாள்.

முடிவு வந்தது. ஈயம். மிக அதிகம்.

தாளைப் பார்த்தவன் முகம் வெளுத்தது. "பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும். என் சட்டையில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கு... நானே எங்கம்மாவுக்கு விஷம் கொடுத்திருக்கேன்." தன் கைகளையே வெறித்தான். "இனி அந்த வீட்டுல நான் இருக்கக் கூடாது." அவள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் இறங்கிப் போனான்.

அந்தக் கைகள்! அவளுக்குச் சுரீரென்றது. படிக்கட்டில் ஈர நகங்களைப் பொறுக்கியவை அந்தக் கைகள்தானே! எடுத்துவைத்திருந்த கழுவிய நீரைச் சோதித்தாள். மூன்றாம் முறை கழுவிய நீரிலும் ஈயம், தாராளமாக. நகத்துக்குள் இருந்ததா, வெளியே ஒட்டியதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தொடாதீங்க, இடுக்கி எடுத்துட்டு வரேன் என்று அன்றைக்கே அவள் தடுத்திருக்க வேண்டும்.

ஒத்துக்கொண்டால் பிழைப் படிவத்தில் அவள் பெயர் ஏறும். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட ஏறாத பெயர். பகல் முழுக்கத் தவித்தாள். துணிப்பெட்டியை மூடிக்கொண்டிருப்பானே அவன் இந்நேரம்...

படிவத்தோடு மேலதிகாரியின் முன்னே போய் நின்றாள். எல்லாருக்கும் அவர் 'ஆசிட் அக்கா'.

"நீயா? தப்பா? சரிதான்" என்றார் அக்கா, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "நின்னு அழாதே. ஓடு, வேற நகம் வாங்கிட்டு வா."

பதிவேட்டில் இருந்த விலாசத்துக்கு ஓடினாள். கதவைத் திறந்தவனின் பின்னால் பெட்டி தயாராக இருந்தது. மூச்சிரைக்கச் சொன்னாள்: "அது என் தப்பு. உங்க கையில இருந்த தூசா இருக்கலாம். இன்னொரு தடவை பார்த்துடுறேன். அதுவரைக்கும் எங்கேயும் போகாதீங்க... ப்ளீஸ்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் சொன்னா கேட்கலை. நீயாவது சொல்லும்மா இந்தப் பிடிவாதக்காரனுக்கு!"

கையுறை போட்டு, அம்மாவின் கைகளைக் கழுவி, அவளே நகம் வெட்டினாள்.

நான்காம் நாள் அவனை வரச் சொன்னாள். ஈயம், எல்லாருக்கும் இருக்கும் அளவுதான். இரும்புதான் குறைவு. அன்று காலை டாக்டரிடம் போன ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மருந்தில் சரியாகிவிடும்.

அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். கண்கள் நிறைந்துவிட்டன. "பேசாம இருந்திருந்தா உங்க பேர் கெட்டிருக்காது. எனக்காக... இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை."

பார்வை, முழுதாக நிரப்பித் தரும்படி அக்கா திருப்பிக் கொடுத்து மேஜைமேல் கிடந்த பிழைப் படிவத்துக்குப் போனது. "தவறு நடந்த காரணம்... ஏன் காலியா விட்டிருக்கீங்க?"

"எழுதினா அக்கா படிப்பாங்க."

"என்கிட்டயாவது சொல்லலாமே?"

அவள் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல... "நீங்க பொறுக்கும்போது நான் நகத்தைப் பார்க்கலை. உங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இன்னமும்... வேற எதையும் சரியாப் பார்க்க முடியலை."

அவன் எழுந்தான். காதுமடல் சிவந்திருந்தது.

"கிளம்புங்க. வந்து அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"இரும்பு குறைஞ்ச விஷயத்தையா?"

"அதை டாக்டர் காலையிலேயே சொல்லிட்டார்."