ஒரு பாகம் பாக்கி

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, புறவழிச்சாலை ஓரத்துத் தனியார் மோட்டார்சைக்கிள் அருங்காட்சியகத்தில் அன்றைய ஒரே நுழைவுச்சீட்டு கிழிக்கப்பட்டது.

வாங்கியவள் தீக்காயப் பிரிவில் பதினொரு வருடமாகக் கட்டு மாற்றும் நர்ஸ். அவள் வண்டி பார்க்க வரவில்லை. அப்பாவைக் கூட்டிப்போக வந்திருந்தாள். மெக்கானிக்காக இருந்து ஓய்ந்த அப்பா, நாற்பது வருடம் ஓட்டிய வண்டியை இங்கே காட்சிக்குக் கொடுத்துவிட்டு, நாலே நாளில் சீர் செய்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர். பன்னிரண்டு நாளாகிவிட்டது. போன் செய்தால் பேசினார். ஆனால் வேறு யாரோ அவர் காதில் போனைப் பிடித்துக்கொண்டிருப்பது போலக் குரல் கிட்டே வந்து தூரப் போயிற்று. "கை வேலையா இருக்கு பாப்பா" என்றார். அந்தப் பதில்தான் அவளை விடுப்பு எடுக்க வைத்தது.

உள்ளே போனதும் ஒன்று உறுத்தியது. பெட்ரோல் வாசனை இல்லை.

மெக்கானிக் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த வாசனை தாய்ப்பால் மாதிரி. குளித்துவிட்டு வந்தாலும் அப்பாவின் கழுத்தில் அது மிச்சமிருக்கும். இங்கே முப்பத்தொரு பழைய வண்டிகள் இரண்டு வரிசையாக நின்றன, சொட்டு ஆயில் வாடை இல்லை. காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக, யாரோ முகத்துக்கு அருகே மூச்சு விடுவது போல இருந்தது. மேலே ஃபினாயில், அதற்குக் கீழே ஸ்பிரிட், அதற்கும் கீழே லேசான தித்திப்பாக ஒன்று. மூன்றாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது எழுகிற வாடை. பழகிய மூக்குதான். ஆனால் வார்டில் அந்த வாடைக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் படுத்திருப்பார்.

"கதவைச் சாத்தும்மா, ரெண்டையும்" என்றார் உரிமையாளர். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நகம், கையில் ஈ அடிக்கும் மட்டை. "ஒரு ஈ உள்ள வந்தா போதும், ஒரு வண்டி போச்சு."

"இரும்பை ஈ என்ன பண்ணப் போகுது?"

"இரும்பை ஒண்ணும் பண்ணாது."

"எங்கப்பா எங்கே?"

"பின்னாடி ரூம்ல படுத்திருக்கார். டிக்கெட்தான் வாங்கியாச்சே, பார்த்துட்டே வாங்க. அங்க போறதுக்கும் இதுதான் வழி."

நடந்தார்கள். டேங்குகள் பளபளத்தன. ஒவ்வொரு ஹேண்டிலின் இரண்டு கைப்பிடிகளிலும் ஈரமான வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. வண்டிக்கு முன்னால் ஓர் அட்டை: வருடம், எஞ்சின் எண், கடைசி வரியில் 'பாகங்கள்: முழுமை'.

"இரும்பு நூறு வருஷம் நிக்கும்மா. ரப்பரும் சீட்டுத் தோலும்தான் காலை வாரும். பிசுபிசுன்னு உருகிடும். மத்தவன் புதுசை மாட்டிட்டு ஒரிஜினல்னு எழுதி வைப்பான். எனக்கு அந்தப் பொழைப்பு வேண்டாம். வண்டி யார்கிட்ட இருந்துச்சோ, அவங்ககிட்ட இருந்துதான் வாங்குவேன்."

வீட்டுப் பரணில் கிடக்கும் உதிரிகளைச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஏழாவது வண்டியில் துணி நழுவியிருந்தது. கைப்பிடி இளஞ்சிவப்பாக இருந்தது. மேலெல்லாம் டைமண்ட் வலைக்கோடு. பழைய ரப்பர் பிடிகளில் அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்தக் கட்டங்கள் ஒரே அளவில் இல்லை. சில விரிந்திருந்தன, சில கோணியிருந்தன. இந்த வலையை அவளுக்குத் தெரியும். தொடையில் எடுத்த தோல் காயத்துக்குப் போதாவிட்டால், அதை எந்திரத்தில் விட்டுக் கீறி, வலையாக இழுத்துப் பரப்புவார்கள். ஒட்டிக்கொண்ட பிறகும் அந்தக் கோடு சாகும்வரை போகாது.

அவள் கட்டைவிரல் தானாக நீண்டது. வேலைப் பழக்கம். அமுக்கினாள்.

வெளுத்தது.

விரலை எடுத்தாள். ஒன்று. இரண்டு. சிவந்தது.

வார்டாக இருந்தால் ரத்த ஓட்டம் நன்று என்று குறிப்பேட்டில் எழுதுவாள். விரல் நுனியில் மஞ்சளாக நீர் கோத்திருந்தது. துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிசுக்கு போகவில்லை. மின்விசிறிக் காற்று அந்தப் பக்கம் திரும்பியது. கைப்பிடியின் மேல் பூனைமயிர் சிலிர்த்து எழுந்து நின்றது.

"தொடறதா இருந்தா கை கழுவிட்டுத் தொடணும்மா" என்றார் உரிமையாளர், வருத்தமாக.

கடைசி வண்டி அப்பாவுடையது. அம்மா இருந்தவரை அதைச் 'சக்களத்தி' என்றுதான் சொல்வாள். கைப்பிடி புதிது. கிக்கர் உறை புதிது. சீட்டு புதிது, அகலமாக, சுருக்கமில்லாமல். இடது பிடியில் பாதி நிலா மாதிரி ஒரு வடு. அப்பாவின் கையில் சைலன்சர் சுட்ட வடு. பத்து வயதில் அவளே அதற்கு மருந்து போட்டிருக்கிறாள்.

அட்டையின் கடைசி வரி: 'ஒரு பாகம் பாக்கி'.

பின்னறைக் கட்டிலில் அப்பா குப்புறப் படுத்திருந்தார். இரண்டு கையும் பஞ்சுப் பொதிகள். இடுப்புக்குக் கீழே போர்வை ஊறி, பின்தொடையோடு ஒட்டியிருந்தது. தலையைத் திருப்பிச் சிரித்தார்.

"வந்துட்டியா பாப்பா. சக்களத்தியைப் பார்த்தியா? உங்கம்மா இருந்திருந்தா வயிறு எரிஞ்சிருப்பா."

"யாருப்பா இப்படிப் பண்ணுனது?"

"யாரு பண்ணணும்? நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். கை இருந்தப்பவே." தன் நகைச்சுவையை அவரே ரசித்தார்.

"எழுந்திருங்க. அஞ்சரைக்கு பஸ் இருக்கு."

"வர்றேன். வராம? ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி." கண்ணால் காட்டினார். கட்டிலடியில் ஒரு தட்டு. அதில் உள்ளங்கை அகலத்தில் மூன்று துண்டுகள், கறுத்து, ஓரம் சுருண்டு, கொழகொழவென்று. தித்திப்பு வாடை அங்கிருந்துதான் வந்தது. "டேங்க் மேல ஒரு குட்டி மெத்தை கட்டியிருப்பேனே, ஞாபகம் இருக்கா? என்னோடது அங்க மட்டும் ஒட்ட மாட்டேங்குது. மூணு தடவை பார்த்தாச்சு. அழுகிப் போகுது."

அவள் குனிந்து தட்டை இன்னும் உள்ளே தள்ளினாள்.

"ஒட்டாதுதான். அதுல நான் உட்காரலையே பாப்பா."

ஆறு வயதுவரை அந்த மெத்தையில் உட்கார்ந்தவள் அவள்.

வெளியே ஒரு கம்பிவலைக் கதவின் தாழ் விழுந்தது. பிறகு இரண்டாவது.

அவள் அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். போர்வை வரவில்லை. சதையோடு இழுத்தது. அவர் முனகவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார்.

"சின்ன இடம்தான். ஒரு உள்ளங்கை அகலம்."

எங்கோ குழாய் திறந்தது. தண்ணீர் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. விரலிடுக்கு. மணிக்கட்டு. முழங்கை. யாரோ நிதானமாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவள் தினமும் கேட்கிற சத்தம்.

ஐந்தரை பஸ் ஐந்து முப்பத்தாறுக்கு அந்த நிறுத்தத்தில் யாரையும் ஏற்றாமல் போனது.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை, முப்பத்தொன்றாவது வண்டியின் அட்டை மாற்றப்பட்டது. கடைசி வரி: 'பாகங்கள்: முழுமை'. அன்று வந்த பார்வையாளர் ஒருவர், உரிமையாளர் ஈயைத் துரத்திப் போன நேரத்தில், டேங்க் மேலிருந்த குட்டி மெத்தையின் ஈரத்துணியை விலக்கி விரலால் அமுக்கிப் பார்த்தார். வெளுத்தது. இரண்டு நொடியில் சிவந்தது.