சட்டைப் பையில் ஒரு சீட்டு

ரிச்மண்ட் புகையிலை ஆலையின் முதல் மணி அடித்துவிட்டது. ஆம்ப்ரோஸ் சோள ரொட்டியைத் தொடவே இல்லை. பெண்டாட்டி கெசையாவையே முறைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக இதே பார்வைதான். அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள் அவள்? ஊரார் துணியைத் துவைத்துத் துவைத்துக் கை வெந்து, இந்தப் புருஷனை எஜமானிடமிருந்து விலைக்கு வாங்கி மீட்டவளாயிற்றே!

"சாப்பிடுங்க... ஆறிடும்."

"எஜமானியம்மா உத்தரவா?"

கெசையா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

வாசலில் நின்ற நாத்தி டார்க்கஸ் சும்மா இருப்பாளா? "நடிக்காதீங்க அண்ணி! விடுதலைப் பத்திரம்னு அஞ்சு வருஷமா எங்கண்ணன் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் திரிஞ்ச சீட்டை, ஞாயித்துக்கிழமை எழுத்துத் தெரிஞ்ச நாவிதர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னோம். 'ஆம்ப்ரோஸ் என் அடிமை, ஊருக்குள்ள நடமாட அனுமதி குடுத்திருக்கேன்'னு உங்க பேருல எழுதியிருக்கு! எப்போ விக்கப் போறீங்க?"

"ஐயோ, டார்க்கஸ்!"

"போன வாரம் அடிமைத் தரகன் வந்தானே, அவன்கிட்ட என்ன பேசின?" என்றான் ஆம்ப்ரோஸ்.

"சட்டை துவைக்கக் கேட்டான். முடியாதுன்னு துரத்திட்டேன்... என்னையா சந்தேகப்படறீங்க?" அவன் எதிரே வந்து நின்றாள். "விடுதலை எழுதிக் குடுத்தா, சட்டப்படி ஒரு வருஷத்துல நீங்க இந்த வர்ஜீனியாவை விட்டே போயிடணும். இங்கேயே இருக்க எனக்குக் கிடைச்ச அனுமதி உங்களுக்கும் கிடைச்சிடுச்சுன்னு சொன்னேனே... அது பொய்! கோர்ட்டுல உங்க மனுவைத் தள்ளிட்டாங்க. நீங்க போயிட்டா நம்ம ஐசக்? நான் அடிமையா இருந்தப்போ பொறந்த பாவத்துக்கு, இன்னும் ஆலைக் கொட்டடியில கெடக்கானே! அப்பன் முகத்தைக்கூட பார்க்க முடியாதே அவனால!"

ஆம்ப்ரோஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே கெசையா! புள்ளைக்காக அடிமையாவே இருக்கேன்னு நானே சொல்லியிருப்பேனே..."

"சொல்லியிருப்பீங்க. அந்த வார்த்தை உங்க வாயால வரக் கூடாதுன்னுதான் மறைச்சேன்." உடைந்து அழுதாள். "அஞ்சு வருஷம் நிமிர்ந்து நடந்தீங்களே... அதைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டேங்க!"

"அண்ணி... என் நாக்கு அழுகட்டும்!" டார்க்கஸ் ஓடி வந்து அவள் காலைப் பிடித்தாள்.

ஆம்ப்ரோஸ் மனைவியை இழுத்து அணைத்துக்கொண்டான். அந்த முரட்டு மனிதன் குலுங்கிக் குலுங்கி அழுததை அன்றுதான் பார்த்தாள் அவள்.

இரண்டாவது மணி அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"ஐசக் காதுக்கு இது போகக் கூடாது, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க," என்றான். "எங்கப்பா யாருக்கும் அடிமையில்லன்னு ஆலை பூரா சொல்லிக்கிட்டுத் திரியறான்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.