நீங்கதானே அப்பா?

மாத்திரை ஆரம்பித்த ஐந்தாம் நாள் பிற்பகல், அவன் கூடத்தில் உட்கார்ந்தபடி மகளைக் கூப்பிட்டான். அவள் ஒன்றும் கேட்காமல் நேராக வந்து முன்னால் நின்றாள்.

வேறு வீட்டில் இதெல்லாம் ஒரு சங்கதியே இல்லை. இந்த வீட்டில் ஒன்றரை வருஷமாக நடக்காதது. ஏழு வயதுப் பெண், சிட்டு என்று கூப்பிடுவார்கள். அப்பா அழைத்தால் வரமாட்டாள். பக்கத்தில் எந்தச் சுவர் இருக்கிறதோ அதன் பின்னால் நின்று மூக்கை மட்டும் நீட்டி, "அப்பா, நீங்கதானே?" என்பாள். நான்தான் என்று அவன் சொல்லவேண்டும். சொன்ன பிறகு முகத்தைப் பார்ப்பாள், கைகளைப் பார்ப்பாள், அப்புறம்தான் கால் நகரும். குளித்துவிட்டு வந்தால் ஒரு தரம், சட்டை மாற்றினால் ஒரு தரம், குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு தரம். ஒரு நாளைக்கு முப்பது தரம் தன்னைத் தானென்று நிரூபிக்க வேண்டிய தலையெழுத்து. அம்மாவிடம் இந்தக் கேள்வி கிடையாது. அவனிடம் மட்டும்தான்.

முதல் மாதம் சிரித்தான். இரண்டாம் மாதம் அதட்டினான். அப்புறம் ஒருநாள், இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் பார் என்று, பதிலே சொல்லாமல் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்துகொண்டான். சிட்டு சுவருக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்றாள். கடைசியில் நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டாள். அந்த நாளை நினைத்தால் அவனுக்கு இப்போதும் இரக்கம் வருவதில்லை. தரையைத் துடைத்ததுதான் ஞாபகம் வரும்.

அவன் இன்சூரன்ஸ் சர்வேயர். தீப்பிடித்த கடை, நசுங்கிய லாரி, தண்ணீர் புகுந்த கிடங்கு என்று போய் நின்று, எது நிஜமான சேதம், எது நாடகம் என்று எழுதிக் கொடுப்பது வேலை. பதினாறு வருஷமாக அழுகிற முகங்களைப் பார்த்து அழுகை என்றாலே அவனுக்குக் கொட்டாவி வரும். பயம் என்பதும் அவன் அகராதியில் ஒருவகைப் புளுகு. பிழைக்கத் தெரியாதவன் அழுவான், உழைக்கத் தெரியாதவன் பயப்படுவான் என்று ஆபீசில் சொல்லிச் சிரிப்பான். தன் வீட்டிலேயே ஒரு பயந்தாங்கொள்ளி பிறந்ததை அவன் யாரிடமும் சொல்வதில்லை.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனது மனைவியின் பிடிவாதம். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் விளக்கடிப்பவளுக்குச் சொந்த மகளின் நடிப்பு தெரியவில்லையே என்று அவனுக்கு இளக்காரம். டாக்டரம்மா மேஜையில் ஒரு கரடிப் பொம்மை வைத்திருந்தாள். பெரியவர்களிடம் பேசும்போதும் அதன் காதைத் தடவிக்கொண்டே பேசினாள். ஆறு மாதம் பேசிப் பார்த்தாள், படம் வரையச் சொன்னாள், பிறகுதான் மாத்திரை எழுதினாள். தினம் காலையில் பாதி. முதல் இரண்டு வாரம் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கவனிக்கவேண்டும் என்று சொல்லி ஒரு தாளும் கொடுத்தாள். தூக்கம், பசி, தலைவலி, வயிற்றுவலி, படபடப்பு என்று கட்டங்கள் போட்ட தாள். மனைவிக்கு லீவு மிச்சமில்லை. அறிக்கைகளை வீட்டிலிருந்தே எழுதலாம் என்பதால் காவல் வேலை அவன் தலையில் விழுந்தது.

ஆகவே ஐந்தாம் நாள் சிட்டு கேட்காமல் வந்து நின்றபோது, அவன் அந்தத் தாளை எடுத்து எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று எழுதினான். மாலை மனைவி வந்ததும், உன் மகளின் பூதத்தை அரை மாத்திரை விழுங்கிவிட்டது, இத்தனை நாள் ஊரைக் கூட்டி அழுதீர்களே என்றான். அவள் அடுப்படியில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்துக்கும் அழுகிற ஜாதி என்று நினைத்துக்கொண்டான்.

ஆறாம் நாள் அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்தே குரல் கரகரத்தது. மதியம் மூன்று மணிக்கு, வெயில் ஜன்னல் வழியே தரையில் சதுரம் சதுரமாக விழுந்து கிடக்க, எங்கோ மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைக்கிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்க, அவன் ஒரு எரிந்த துணிக்கடையின் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தான். சிட்டு கீழே உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையை நிமிர்த்தி, "வரேன்பா," என்றாள். பென்சிலைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு எழுந்து, அவனைத் தாண்டி, நடைவழியில் நடந்து கோடியிலிருந்த துணி துவைக்கும் அறைக்குள் போனாள்.

அவன் அவளைக் கூப்பிடவில்லை.

ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். எங்கே போனாய் என்று கேட்டான். நீங்கள்தானே கூப்பிட்டீர்கள் என்றாள், அதிலென்ன சந்தேகம் என்பதுபோல. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. போன வாரம்வரை அந்த அறை இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுக்காதவள் அவள். அவன் தாளை எடுத்து, கடைசிக் கட்டத்தில், "இல்லாத சத்தம் கேட்கிறது?" என்று எழுதினான். கேள்விக்குறியை இரண்டு தரம் அழுத்திப் போட்டான்.

ஏழாம் நாள் காலை மாத்திரையைக் கொடுத்த பிறகுதான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். குரல் பாதிதான் வந்தது. குழந்தை அவளாகவே யாருக்கோ பதில் சொல்கிறாள், எழுந்து போகிறாள் என்று சொன்னான். டாக்டரம்மா கரடியின் காதை விட்டுவிட்டிருக்க வேண்டும், பேச்சில் குழைவு இல்லை. அடுத்த வேளை கொடுக்கவேண்டாம், நாளைக் காலை முதல் ஆளாகக் கூட்டி வாருங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தக் குரல் உங்க காதுல விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

படித்தவள் கேட்கிற கேள்வியா இது என்று அவன் போனை வைத்தான்.

அன்று மதியமும் வீடு அதேபோல அமைதியாகத்தான் இருந்தது. குளிர்பெட்டி முனகி ஓய்ந்தது. துளைக்கிற சத்தம்கூட இல்லை. சிட்டு கூடத்தில் இருந்தாள், நடைவழியின் இந்தப் பக்கம். அவன் குளியலறையில், முகம் கழுவும் தொட்டி முன்னால், கதவைத் திறந்துவைத்து, கண்ணாடியில் அவள் முதுகு தெரியும்படி நின்று, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தான். ஒரு வாய் தண்ணீரை அண்ணாந்து பிடித்திருந்தான். உப்பு தொண்டையில் எரிந்தது. அப்போது கேட்டது.

"சிட்டு. இங்க வாடா கண்ணு."

துணி அறையிலிருந்து. அவன் குரலில். கட்டாத, தெளிவான, அவனுடைய குரலில்.

வாயில் தண்ணீர் அப்படியே இருந்தது. கண்ணாடியில் உப்பிய கன்னங்களோடு ஒரு முகம் அவனைப் பார்த்தது. பதினாறு வருஷத்துச் சர்வேயர் மூளை அந்த நேரத்திலும் வேலை செய்தது: வாய் நிறையத் தண்ணீர் வைத்திருப்பவன் பேசமுடியாது. இன்னொன்றையும் கவனித்தது: வாடா கண்ணு என்று அவன் தன் மகளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"வரேன்பா."

தண்ணீரைத் துப்பிவிட்டு ஓடினான். நடைவழி நடுவில் அவள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, அறைக்கதவைக் காலால் தள்ளினான். சலவை இயந்திரம். இஸ்திரி மேஜை. கொடியில் வரிசையாக அவன் சட்டைகள். வெளியே மூன்று மாடிப் பள்ளம், ஜன்னலில் கம்பி. ஒருவருமில்லை. ஈரத்துணியும் சோப்புத்தூளும் கலந்த வாடைக்கு நடுவே வேறொரு வாசனை. அவன் முகம் மழித்தபின் தடவுகிற லோஷன். தொண்டைக்கட்டோடு இரண்டு நாளாக அவன் முகம் மழிக்கவே இல்லை.

கொடியில் நீலச் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். மற்றவை ஈரம். அது மட்டும் காய்ந்திருந்தது. கதகதப்பாக, இப்போதுதான் யாரோ கழற்றியதுபோல.

கதவைச் சாத்திவிட்டுச் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். மனைவியைப் போனில் கூப்பிட்டு உடனே புறப்பட்டு வரச் சொன்னான். அவனுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை, வா என்றான். "ஏங்க, பயமா இருக்கா உங்களுக்கு?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். அந்த மென்மை அவனுக்குப் பிடிக்கவில்லை. பயமாவது வெங்காயமாவது என்று சொல்ல வாயெடுத்தான். காற்றுதான் வந்தது.

சிட்டுவின் முன்னால் மண்டியிட்டான். அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றரை வருஷமாக அந்த முகத்தில் பார்த்துப் பார்த்து வெறுத்த அந்தப் பயத்தை இப்போது தேடினான். ஒரு துளிகூட இல்லை. துடைத்து வைத்த தட்டுபோல இருந்தது.

"இனிமே அப்பா கூப்பிட்டா, முன்னாடி கேப்பியே, அதக் கேளு," என்றான், குரலைப் பிடித்து இழுத்து. "நீங்கதானான்னு கேட்டுட்டு வா. சரியா?"

"அதக் கேட்டா நீங்க திட்டுவீங்கல்ல."

"இனிமே திட்டமாட்டேன்."

அவள் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தாள். கடைக்காரர்கள் தங்கள் சாம்பலைக் காட்டி அழும்போது அவன் எப்படிப் பார்ப்பானோ, அப்படி.

"அவர்கிட்ட கேக்கவே வேண்டாம்பா," என்றாள். "அவரு ஒருநாளும் திட்டினதில்ல. முன்னாடிலேருந்தே கூப்பிடுவாரு. எனக்குத்தான் பயமா இருந்துச்சு. இப்ப இல்ல."

முன்னாடியிலிருந்தே. ஒன்றரை வருஷம். அந்தப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் சுவருக்குப் பின்னால் நின்று, இரண்டு பேரில் இது யார் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தன்னந்தனியாக. அவன் அதற்குக் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கேள்வி ஒன்றுதான் இந்த வீட்டுக்கு இருந்த ஒரே தாழ்ப்பாள். அதைக் கழற்றிப் போட்டதற்கு அவன் தாளில் "இல்லை, இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

வெளியே போய்விட வேண்டும். மனைவி வரும்வரை தெருவில் நிற்கலாம், காருக்குள்ளே உட்காரலாம், எங்கேயாவது. சிட்டுவைச் சோபாவில் உட்காரவைத்துச் செருப்பை மாட்டினான். இடத்தைவிட்டு அசையக்கூடாது என்று சைகை காட்டினான். சாவி படுக்கையறையில் இருந்தது. பத்தடி. கால்சட்டைப் பையில் இல்லை. மேஜையில் இல்லை. தலையணைக்கடியில். எடுத்தான்.

"வரேன்பா."

சின்னச் செருப்புகள் நடைவழியில் தட்டிக்கொண்டு போயின. துணி அறைக்கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவன் போய்க் கதவில் மோதினான். திறக்கவில்லை. மறுபடி மோதினான். அந்தத் தாழ்ப்பாள் கதவின் உள்பக்கம், உச்சியில், அவனே கையைத் தூக்கினால்தான் எட்டும் உயரத்தில் இருந்தது. சிட்டு எம்பிக் குதித்தாலும் எட்டாது.

சிட்டு என்று கத்தினான். சத்தம் வரவில்லை. தொண்டையில் எரிச்சல்கூட இல்லை. அங்கே ஒன்றுமே இல்லாததுபோல. உள்ளங்கையால் அடித்தான், முட்டியால் அடித்தான். உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு பெரிய ஆளின் கனம். பிறகு ஒரு குழந்தையின் கனம் மடியில் ஏறியது.

"வெளில யாருப்பா தட்டறது?"

"தெரியலயே கண்ணு," என்றது அவன் குரல், நிதானமாக. "பாவம். யாரோ ரொம்பப் பயந்துட்டாங்கபோல."

சிட்டு சிரித்தாள். இளக்காரமான சிரிப்பு. அவன் குரலும் சேர்ந்து சிரித்தது, உள்ளே.

வாசல் மணி அடித்தது.

மனைவி. ஓடிப்போய்த் திறக்கவேண்டும். அவளைத் தடுக்கவேண்டும். அவனுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. நெற்றி கதவில் ஒட்டியிருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில், யாரோ மூச்சுவிட்டார்கள்.

மணி மறுபடி அடித்தது. "ஏங்க?" என்றாள் வெளியே. "ஏங்க, கதவத் திறங்க."

"அம்மா வந்துட்டா," என்றது குரல், மரத்துக்கு அந்தப் பக்கம், அவன் முகத்துக்கு நேராக. பிறகு உரக்க, வாசல்வரை கேட்கும்படி, "இரும்மா. இதோ வரேன்."

உள்ளே தாழ்ப்பாள் மெல்ல விலகியது.