யால்மரின் சம்மட்டி

மரக்கட்டை இடது பக்கம் இருந்தது.

ஏவெர்ட் ஒரு கையுறையைப் பாதி கழற்றியபடி பட்டறை வாசலிலேயே நின்றான். காபி குடிக்க வீட்டுக்குப் போகும்முன் அந்த பிர்ச் கட்டையை விசைச் சம்மட்டியின் தலைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவில் செருகிவிட்டுத்தான் போயிருந்தான். எந்தக் கொல்லனும் அதை மறக்கமாட்டான். மேலே தொங்குவது ஒரு ஆள் கனத்துக்கு இரும்பு. கட்டை வைக்காமல் கையை உள்ளே விட்டவர்களின் விரல்களைப் பற்றி அந்த ஏரிக்கரையில் எல்லார் வீட்டிலும் ஒரு கதை உண்டு. இப்போது சம்மட்டித் தலை உயரே நின்றது. கட்டை இடது பக்க ஜன்னல் திட்டில், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

ஏவெர்ட் எதையும் வலது பக்கம் வைப்பவன். யால்மர்தான் இடது கைக்காரன். பனி உருகும் சமயத்தில், வசந்தத்தில், யால்மர் செத்துப்போனான்.

வெளியே டிசம்பர். மதியம்தான், ஆனால் வெளிச்சம் அதற்குள் ஏரிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. உலையில் கரி அவிந்து, புகையும் சூடான எண்ணெயும் தோல் பெல்ட்டும் கலந்த வாசனை. அதோடு இன்னொன்று. புகையிலைப் பொடி. ஏவெர்ட் பொடி போடுவதில்லை.

யால்மரின் பட்டறை எதிர்க்கரையில் இருந்தது. ஏவெர்ட் கையால் அடித்த காலமெல்லாம், தண்ணீருக்கு மேலே அந்த விசைச் சம்மட்டியின் சத்தம் வரும். ஒரு மோட்டார், ஒரு வில்லுப்பட்டை, ஒரு பெல்ட், ஒரு பெடல், அவ்வளவுதான் அந்த மெஷின். ஆனால் யால்மர் காலை வைத்தால் அது வேறு. மெல்ல ஆரம்பித்து, இரும்பு இளகும்போது வேகம் பிடித்து, கடைசியில் மூச்சு வாங்குவதுபோல் அடங்கும். தேவாலயத்து வாசல் கதவுக்குக் கீல் வேண்டுமா, யால்மர். கல்லறைக்கு வேலி வேண்டுமா, யால்மர். ஏவெர்ட்டிடம் குதிரை லாடமும் உடைந்த கலப்பையும் வரும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். குன்வோரைத்தான் பொறுக்க முடியவில்லை. துணி காயப்போடும்போது அவன் மனைவி ஈரப் போர்வையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள், முகம் ஏரிப் பக்கம் திரும்பியிருக்கும். ஒருமுறை கேட்டான். "அதுல அப்படி என்னத்தக் கேக்கற?"

"சும்மாதான். நல்லாருக்கு இல்ல?" என்றாள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் கொல்லன் கட்டையை உள்ளே வைத்து அதன்மேல் மூன்று மெல்லிய அடி போடுவான். 'வரேன், உருளைக்கிழங்கை அடுப்புல வை' என்று வீட்டுக்குச் சொல்லும் சேதி அது. யால்மருக்குக் கல்யாணம் ஆகவில்லை, சேதி கேட்க வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் தினமும் போட்டான். ஏவெர்ட்டின் கைச்சுத்தியல் சத்தம் முற்றத்தைத் தாண்டாது. அதனால் அவன் வீட்டு அடுப்பில் உருளைக்கிழங்கு ஏறியது எதிர்க்கரைக்காரன் போட்ட மூன்று அடிக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவன் தின்றது அந்த உருளைக்கிழங்கைத்தான்.

யால்மர் செத்ததும் ஏவெர்ட் முதல் ஆளாகப் போய், மெஷினை விலைக்குக் கேட்டு, செத்தவனின் அக்கா மார்கித்திடம் நின்றான்.

"அத உடைச்சு எடைக்குப் போடுன்னுதான் தம்பி சொல்லிட்டுப் போனான்," என்றாள் மார்கித். "யாருக்கும் குடுக்காத, முக்கியமா அந்த ஏவெர்ட்டுக்குக் குடுக்காதன்னான்."

"அப்புறம் எதுக்கு எனக்குத் தரீங்க?"

"கூரை ஒழுகுதே. செத்தவன் வந்து ஓட்டு மேல ஏறுவானா?"

குன்வோரின் தம்பி ஸ்டிக், தன் டிராக்டரைக் கொண்டுவந்தான். சங்கிலி போட்டு மெஷினைத் தூக்கும்போது ஏவெர்ட்டின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "மச்சான், கல்யாணத்தன்னைக்குக்கூட உன் மூஞ்சி இப்படிச் செவக்கலையே. பாத்து, அக்கா கோவிச்சுக்கப் போறா."

குன்வோர் கோபிக்கவில்லை. மெஷின் முற்றத்தில் இறங்கியபோது அதன் இரும்பு உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

கோடையும் இலையுதிர் காலமும் அதிலேயே போயின. துருவை டீசலில் ஊறவைத்துச் சுரண்டினான். பழைய பேரிங்குகளை உருக்கி எடுத்து, தண்டில் மெழுகுவர்த்திக் கரி படியப் பிடித்து, புது ஈயக் கலவை ஊற்றினான். கரி பிடிக்காமல் ஊற்றினால் உலோகம் தண்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சுற்றவே சுற்றாது. அந்த வேலையெல்லாம் அவன் நன்றாகவே செய்தான். ஆனால் கூடவே இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தான். யால்மர் உளியால் பொறித்த பேரை அரத்தால் தேய்த்து எடுத்தான். குழிந்திருந்த தாடைகளைச் சமமாக இழைத்தான். யால்மரின் இடது கால் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்த பெடலை அறுத்து வீசிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தான். யால்மரின் பழைய கட்டையை உலையில் போட்டான். அது வெகுநேரம் எரியாமல் கிடந்தது. பிறகு ஒரே நேரத்தில் முழுதாகப் பிடித்துக்கொண்டது.

முதல்முறை ஓட்டிய அன்று எதிர்க்கரையிலிருந்து ஆட்கள் படகு போட்டு வந்தார்கள்.

"யால்மர் எந்திரிச்சு வந்துட்டான்னே நெனச்சோம்!" என்றார்கள். தோளில் தட்டினார்கள். பாராட்டுதான் அது. அன்று இரவு ஏவெர்ட் சாப்பிடவில்லை.

வில்லை இறுக்கினான். பெல்ட்டை மாற்றினான். காலை முரட்டுத்தனமாக வைத்துப் பார்த்தான். எப்படி மிதித்தாலும் அதே நடை. மெல்ல ஆரம்பம், வேகம், மூச்சு வாங்கல். செய்த இரும்பெல்லாம் நன்றாக வந்தது, யால்மர் செய்ததுபோலவே. ஒரே ஒரு விஷயத்தில்தான் அவன் பிடிவாதமாக இருந்தான். அந்த மூன்று அடியை மட்டும் அவன் போடவில்லை. ஒருநாள்கூட. அது யால்மருடையது, தன் பட்டறையிலிருந்து அது எழும்பவே கூடாது.

இப்போது ஜன்னல் திட்டிலிருந்த கட்டையைக் கையில் எடுத்தான். அவன் புதிதாக வெட்டியது. நடுவில், ஒரு கைப்பிடி உப்பு கொள்ளும் அளவுக்குக் குழி. வெறுமனே செருகி வைத்தால் அப்படி விழாது. நாள் தவறாமல் அடி வாங்கிய குழி.

முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போனான். சமையலறை ஜன்னலில் காகித நட்சத்திர விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குன்வோர் ஹெர்ரிங் மீனை உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பட்டறைக்கு வந்தியா?"

"நான் எதுக்கு அங்க வரப்போறேன்? பூட்ஸப் பாரு. காஞ்சு கெடக்கு."

பார்த்தான். காய்ந்துதான் கிடந்தது. முற்றத்துப் பனியில் அவன் போன தடமும் வந்த தடமும் மட்டும் இருந்தன. அடுப்பின்மேல் பாத்திரத்தில் தோல் சீவிய உருளைக்கிழங்கு தண்ணீரில் மூழ்கிக் காத்திருந்தது.

"ஏன் இன்னும் வேக வைக்கல?" சும்மா ஏதாவது பேசவேண்டும் என்றுதான் கேட்டான்.

"நீ இன்னும் மூணு அடி போடலையே."

அவன் அவளையே பார்த்தான். அப்படி ஒரு அடியை அவன் காதால் கேட்டதே இல்லை.

"என்ன அப்படிப் பாக்கற? தெனமும் போடறியே. நீ போட்டதும் நான் அடுப்பு மூட்டறேன், வெந்ததும் நீ வந்து நிக்கற." ஈரக்கையால் நெற்றி மயிரை ஒதுக்கினாள். கன்னம் லேசாகச் சிவந்தது. "நல்லாப் போடற, ஏவெர்ட். சொல்லணும்னுதான் இருந்தேன்."

பட்டறைக்கு ஓடினான். விளக்கைப் போடவில்லை. மோட்டார் பிளக்கைப் பிடுங்கினான். பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து உருவினான். பெல்ட் இல்லாமல் அது வெறும் இரும்பு. யார் மிதித்தாலும் அசையாது. மண்வெட்டிக் காம்பைக் குறுக்கே கொடுத்துக் கதவை வெளியே தாழிட்டான். பெல்ட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

சமையலறை மேசையில் உட்கார்ந்தான். பெல்ட் மடியில்.

"அத எதுக்கு உள்ள கொண்டுவந்த? எண்ணெய் சொட்டுது," என்றாள் குன்வோர்.

"இருக்கட்டும்."

அவள் எதிரே உட்கார்ந்து பின்னலை எடுத்தாள். ஊசிகளின் சத்தம். மூலைக் கணப்பில் ஒரு கட்டை சரிந்தது. ஜன்னலுக்கு வெளியே நீலம் கறுப்பாகிக்கொண்டு வந்தது. 'இனி வராது,' என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். 'இன்னைக்கு நான் சொன்னப்புறம்தான் உருளைக்கிழங்கு வேகும். என் வாயால சொல்லுவேன்.' வாயைத் திறந்தான்.

தொம்.

ஊசிகள் நின்றன.

தொம்.

மடியில் பெல்ட் கனத்தது.

தொம்.

மென்மையாக. மூச்சு வாங்கி அடங்குவதுபோல்.

குன்வோர் எழுந்தாள். அடுப்பு மூட்டினாள். பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"குன்வோர்."

அவள் திரும்பவில்லை. அலமாரியிலிருந்து தட்டுகள் எடுத்தாள். ஒன்று தனக்கு. இன்னொன்று ஜன்னலோர நாற்காலிக்கு. ஏவெர்ட் அங்கே உட்காருவதில்லை. கத்தியை எடுத்து அந்தத் தட்டுக்கு இடது பக்கம் வைத்தாள்.

"குன்வோர், நான் இங்கதான் இருக்கேன். பெல்ட்டு என்கிட்ட இருக்கு. பாரு."

அவள் ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்தாள். அந்தக் கண்ணாடியில் நட்சத்திரம் தெரிந்தது. அவள் தெரிந்தாள். மேசை தெரிந்தது. ஏவெர்ட்டின் நாற்காலி தெரிந்தது.

காலியாக.

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. மடியில் தோல் சூடாக இருந்தது. இப்போதுதான் ஓடி நின்றதுபோல.

பனியில் காலடி. நெருங்கியது. நின்றது. வாசல்படியில் யாரோ பூட்ஸைத் தட்டினார்கள். உள்ளே பொடி வாசனை வந்தது.

கதவின் கொக்கி தூக்கப்பட்டது.

குன்வோர் ஏவெர்ட்டைத் தாண்டி, அவன் ஊடாக, கதவைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒருமுறைகூட அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.