உறங்காத நெல்

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்துப் படுக்கிற மனுஷன். விடியற்காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் சூரியனையே நாலு ஏச்சு ஏசிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அன்று காலை மகள் ஜெயபிரியா இரண்டு டம்ளர் காப்பியோடு போனபோது, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்.

"யப்பா, காப்பி."

"வேண்டாம்ட்டி. தண்ணி குடு."

நான்கு நாளாக இதே கதைதான். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தண்ணீர் மட்டும் செம்பு செம்பாக உள்ளே போகிறது. இடையிடையே தொண்டையில் உமி ஒட்டியதுபோல ஒரு செருமல். அது எங்கிருந்து வந்தது என்று ஜெயபிரியாவுக்குத் தெரியும், சொன்னால் வேலை போய்விடும் என்பதும் தெரியும். டம்ளர்கள் இரண்டையும் ஜன்னல் திட்டில் வைத்தாள்.

மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் சாலையில் ஒரு தனியார் நெல் ஆராய்ச்சிக்கூடம், அங்கேதான் அவளுக்கு வேலை. அறுத்த நெல் சில வாரம் உறங்கும். உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. உறங்க வைக்கிற மரபணுவை மட்டும் தேடிப் போய்க் கத்தரிக்கிற ஒரு நொதியை உள்ளே அனுப்பி, அங்கே புதுநெல் ஒன்றை உண்டாக்கியிருந்தார்கள். அது அறுத்த மறுநாளே முளைக்கும். அதில் ஒரு மணிகூட வெளியே போகக் கூடாது என்பது சட்டம்.

ஜெயபிரியா ஐந்து மணியைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "நான் பார்க்காத நெல்லாட்டி?" என்று அப்பா தினமும் சீண்டியதுதான் காரணம். பார்க்கத்தான் கேட்டார். ஆனால் நெல்லைக் கையில் வாங்கிய, வயலிலேயே கிடந்த சம்சாரி சும்மா பார்த்துவிட்டா கொடுப்பார்? ஒவ்வொன்றாகப் பல்லில் வைத்துக் கடித்தார். கடக்கென்று உடைந்தால் காய்ந்த நெல், மசிந்தால் ஈர நெல். ஐந்தையும் கடித்து, உமியைத் துப்பி, அரிசியை விழுங்கிவிட்டு, "காய்ச்சல் பத்தாதுட்டி" என்று தீர்ப்பும் சொன்னார்.

நேற்றுத் தென்காசி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், சாரல் நேரத்துச் சளி என்று மாத்திரை எழுதினார். நெல்லைப் பற்றிச் சொல்லிவிட ஜெயபிரியாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அம்மா போன பிறகு இந்த வீட்டில் அவளுக்கு என்று இருப்பது இவர் ஒருவர்தான். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்கூட வரவில்லை. ஊசி போட்ட இடம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

பகல் நகர்ந்தது. தகர இறவாரத்தில் சாரல் பொடிப்பொடியாகத் தட்டிக்கொண்டே இருக்க, அடுக்களைத் தாளிப்பு வாசம் நாலு நாளாக எட்டிப் பார்க்காத அந்த அறையில், முளை கட்டிய விதைநெல் மூட்டையை அவிழ்த்ததும் மூக்கில் ஏறுமே, வெதுவெதுப்பான அந்தப் புளித்த வாடை மெல்ல மெல்ல நிறைந்தது. பத்து மணிக்கு அப்பாவின் முகம் கிழக்கு ஜன்னலில் இருந்தது. உச்சிவேளையில் கூரையின் கண்ணாடி ஓட்டைப் பார்த்தது. நாலு மணிக்கு மேற்கே, குற்றால மலைப் பக்கம். உடம்பு அசையவே இல்லை. கழுத்து மட்டும் திரும்பியிருந்தது.

போன் அடித்தது. கூட வேலை பார்க்கும் கடையநல்லூர் ஃபாயிஸா.

"அக்கா, மறுபடி எண்ணிப் பார்த்துட்டேன். இருபத்தெட்டு மணி குறையுது."

ஐந்துதானே என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டாள்.

"அஞ்சு ஒரே நாள்ல போயிருக்கு. மத்தது காயப்போடுத தட்டுல, தினம் ஒண்ணா குறைஞ்சிருக்கு. எலியாக்கா?"

இருபத்து மூன்று நாள்.

ஈரம் அளக்கிற கருவி கெட்டுப்போய் அத்தனை நாள்தான் ஆகியிருந்தது. தினமும் சாயங்காலம் தட்டைப் புரட்டும்போது ஒரு மணி. யோசித்து எடுத்ததில்லை, அப்பனைப் பார்த்து வந்த பழக்கம். விரல் எடுத்தது, பல் கடித்தது. உமியை மட்டும் துப்பினாள்.

"அக்கா? லைன்ல இருக்கியளா?"

கடைசியாக எப்போது சாப்பிட்டாள்? நினைவில்லை. நேற்று இல்லை. முந்தாநாளும் இல்லை. ஜன்னல் திட்டில் காலையில் வைத்த இரண்டு டம்ளர்கள். இரண்டிலும் ஆடை படிந்திருந்ததைப் பார்த்த ஞாபகம்.

எந்த ஜன்னல்?

கிழக்கு ஜன்னல். காலையில் அங்கே நின்றிருந்தாள். இப்போது நிற்பது மேற்கு ஜன்னலில். நடந்து வந்தது நினைவில்லை.

சாரல் விட்டது. மலைக்கு மேலே மேகம் விலகியது.

"வெயிலு வந்துட்டுட்டி" என்றார் அப்பா, பின்னாலிருந்து.

அவரைத் திரும்பிப் பார்க்க நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. போன் கையிலிருந்து நழுவியது. தொண்டையில் ஒரு செருமல். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. அங்கே ஏதோ. மெலிசாக. குளிர்ச்சியாக. ஓரத்தில் நெல்லிலையின் அரிக்கிற சுணை.

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

வெயில் முகத்தில் விழுந்தது. வெளிச்சம் உள்ளேவரை படட்டும் என்று, ஜெயபிரியா வாயை மெல்லத் திறந்தாள்.